நிற்காத வீடுகளின் சாட்சியம்: ‘பாதாள ரயில்பாதை’ நினைவிடங்களை எப்படிப் பார்ப்பது?

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்க தேசியப் பூங்காச் சேவையின் இணையப் பக்கம் ஒன்று செய்தியானது. அமெரிக்க அடிமைகள் தப்பியோடிய ரகசிய வழிகளுக்கும் அவர்களுக்குக் கிடைத்த உதவிக்கும் வழங்கும் பெயர் ‘பாதாள ரயில்பாதை’. அதை விளக்கும் அந்தப் பக்கத்தின் முகப்பில், தாமே தப்பியபின் பலமுறை திரும்பிச் சென்று மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மனின் பெரிய படமும் அவருடைய மேற்கோளும் அதுவரை இருந்தன; அவை எடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில், கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒத்துழைத்ததை முன்னிறுத்தும் அஞ்சல்தலைப் படங்கள் வந்திருந்தன. அடிமைமுறையை எதிர்த்துத் தப்பியோடுதல் என்று தொடங்கிய பழைய விளக்கமும் மாறியிருந்தது. கண்டனம் எழுந்ததும், தலைமையின் ஒப்புதல் இல்லாமல் செய்யப்பட்ட மாற்றம் அது என்று கூறிச் சேவை பழைய பக்கத்தையே திரும்பக் கொண்டுவந்தது.

ஒரு படம் போனதும் வந்ததும் ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்று பலருக்குக் குழப்பம் ஏற்பட்டது. இந்த வரலாறு ஓடியவருடையதா, ஓடியவருக்குக் கதவு திறந்தவருடையதா என்ற பழைய கேள்விதான் அந்தச் சர்ச்சைக்குள் இருந்தது. ஒஹாயோவிலோ மேரிலாந்திலோ ஒன்டாரியோவிலோ விடுமுறை நாளில் குடும்பத்தோடு இந்த நினைவிடங்களுக்குப் போகிறவர்களும் இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்டு நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை உதவியவர்களின் வீடுகளாக இருப்பது ஏன், ரகசியமாக நடந்த ஒன்றுக்கு ஆதாரம் எப்படிக் கிடைக்கிறது என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயரும் சொற்களும்

பாதாள ரயில்பாதையில் ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. 1830களில் அமெரிக்காவில் ரயில் புதுமையாக இருந்த காலத்தில் பரவிய உருவகம் அது. ஒளிய இடம் தந்த வீடு ‘நிலையம்’ எனப்பட்டது. வழிகாட்டி அழைத்துச் சென்றவர் ‘நடத்துநர்’. தப்பி வந்தவர் ‘பயணி’. இந்தச் சொற்களைக் கேட்டதும் தலைமையகமும் கால அட்டவணையும் கொண்ட ஓர் அமைப்பை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அப்படி ஓர் அமைப்பு இருந்ததில்லை. சில நகரங்களில் தப்பி வந்தவர்களுக்கு உதவும் ‘விழிப்புக் குழுக்கள்’ ஒழுங்காக இயங்கின. சில ஆற்றங்கரை ஊர்களில் நாலைந்து குடும்பங்கள் ஒன்றையொன்று நம்பின. தப்பியோடியவர்களில் பலர் எந்த நிலையத்தையும் காணாமல், விண்மீனையும் ஆற்றையும் நம்பித் தாமே நடந்து கரையேறினார்கள்.

ஏன் ஓட வேண்டியிருந்தது, ஏன் அவ்வளவு தூரம்?

1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் ஏறக்குறைய 39.5 லட்சம் பேர். அவர்களுக்கு ஓடுவது ஏன் கடினமாக இருந்தது என்பதைச் சட்டங்களின் வரிசையில் பார்த்தால் புரியும்.

1. வடமாநிலங்கள் ஒவ்வொன்றாக அடிமைமுறையைக் கைவிட்டன. ஒஹாயோ ஆற்றின் வடபகுதியில் அதை 1787-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆகவே அந்த ஆறு ஓர் எல்லைக்கோடானது.

2. ஆனால் அமெரிக்க அரசமைப்பிலேயே, ஓடிப்போனவரை உரிமை கோருபவரிடம் திருப்பித் தரவேண்டும் என்ற விதி இருந்தது. 1793-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நடைமுறை வகுத்தது. அதாவது, ஆற்றைக் கடந்தவர் அடிமைமுறை இல்லாத மண்ணை அடைந்தாரேயொழிய விடுதலையை அடையவில்லை.

3. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் பிடியை முறுக்கியது. பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. நடுவர் குழு விசாரணையும் கிடையாது. விசாரிக்கும் ஆணையர், ஆண்டையின் பக்கம் தீர்ப்பளித்தால் 10 டாலரும், பிடிபட்டவரை விடுவித்தால் 5 டாலரும் ஊதியமாகப் பெற்றார். ஒளித்து வைத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் காத்திருந்தன.

4. ஆகவே எல்லை இன்னும் வடக்கே நகர்ந்தது. மேல் கனடாவில் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) 1793-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிதாக எவரையும் அடிமையாகக் கொண்டுவர முடியாது. 1834 ஆகஸ்ட் 1 முதல் பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையே சட்டப்படி முடிவுக்கு வந்தது. (அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று விலக்கு வைத்திருந்ததைத் தமிழ் வாசகர்கள் இங்கே நினைவில் கொள்வது நல்லது. கனடாவில் கரையேறியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே பேரரசின் கொடியின் கீழிருந்த நம் மண்ணின் அடிமைகளுக்கு அன்று கிடைக்கவில்லை.)

ஒஹாயோ ஆற்றங்கரையிலிருந்து ஈரி ஏரிவரை, அங்கிருந்து ஒன்டாரியோவரை நினைவிடங்கள் ஒரு கோடுபோல அமைந்திருப்பதற்கு இந்தச் சட்ட வரிசையே காரணம்.

ரகசியத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வருகிறது?

உதவுவதே குற்றம் என்றிருந்தபோது, புத்திசாலியான எவரும் குறிப்பேடு வைத்துக்கொள்ள மாட்டார். ஒஹாயோ மாநிலம் ரிப்லி நகரில் வார்ப்பாலை நடத்திய ஜான் பார்க்கரின் அனுபவம் இதை அப்படியே காட்டுகிறது. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, எட்டு வயதில் விற்கப்பட்டு, 1845-இல் 1,800 டாலர் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டவர் அவர். இரவில் கென்டக்கிக் கரைக்குப் படகோட்டிச் சென்று ஆட்களை அழைத்துவந்தவர். தாம் உதவிய 315 பேரின் விவரங்களை எழுதி வைத்திருந்ததாகவும், 1850-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் அந்த ஏட்டைத் தம் வார்ப்பாலையின் உலையிலேயே போட்டுவிட்டதாகவும் அவர் பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். அந்த ஏடு மட்டும் தப்பியிருந்தால் 315 பேரின் பெயர்களோ வழிகளோ இன்று நமக்குத் தெரிந்திருக்கும். அவர் வீடும் ரிப்லியில் இருக்கிறது. அங்கே நிற்கும்போது நினைக்க வேண்டியது அந்த உலையைத்தான்.

அப்படியிருந்தும் சான்றுகள் எஞ்சின. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. ஆண்டைகளே விட்டுச்சென்ற சான்று. ஓடியவரைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு என்று அவர்கள் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். 1849 அக்டோபர் 3 தேதியிட்ட விளம்பரம் ஒன்று ‘மின்டி’ என்ற பெண்ணையும் அவர் சகோதரர் இருவரையும் தேடுகிறது: வயது ஏறக்குறைய 27, பார்வைக்கு நல்ல தோற்றம், உயரம் சுமார் 5 அடி. மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர். அந்த மின்டிதான் ஹாரியட் டப்மன். இந்த விளம்பரத்தின் மூலப்பிரதி 2003-இல் மேரிலாந்தில் குப்பைத்தொட்டியில் கிடந்த பழைய தாள்களுக்கிடையே கிடைத்தது. அவர் 1822 வாக்கில் பிறந்தார் என்ற கணிப்புக்கு வலுச்சேர்க்கும் சான்றுகளில் இதுவும் ஒன்று. விலங்கு பூட்டுவதற்காக எழுதப்பட்ட வரிகளே இன்று அவர் வாழ்க்கைக்குச் சாட்சியாக நிற்கின்றன.

2. நீதிமன்றப் பதிவுகள். டெலவேரின் நியூ காசில் நீதிமன்றத்தில் 1848-இல் தாமஸ் கேரட், ஜான் ஹன் என்ற இரண்டு குவேக்கர்கள்மீது (அடிமைமுறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்), ஒரு குடும்பம் தப்பிக்க உதவியதற்காக வழக்கு நடந்து அபராதம் விதிக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஒரு வீட்டின் ‘ரகசிய அறை’யைவிட இந்த வழக்கு அறை பல மடங்கு உறுதியான நினைவிடம்.

3. அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட குறிப்புகள். இவை மிக அரிது. பிலடெல்பியாவில் விழிப்புக் குழுவை நடத்திய வில்லியம் ஸ்டில், வந்தவர் ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், விட்டுவந்த உறவினர் ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதினார். 1850-இல் குடும்பத்தைத் தேடி அலுவலகத்துக்கு வந்த ஒரு முன்னாள் அடிமையை அவர் விசாரித்தபோது, தாய் தந்தையரின் பெயர்கள் ஒத்துப்போய், எதிரே இருப்பவர் தம் சொந்த அண்ணன் பீட்டர் என்று தெரியவந்தது. பிரிந்த உறவுகள் இன்னும் எத்தனையோ இப்படிச் சேரக்கூடும் என்பதே ஆபத்தை மீறி அவர் எழுதியதற்குக் காரணம். அந்தக் குறிப்புகளை ஒளித்துக் காத்து, 1872-இல் நூலாக வெளியிட்டார்.

4. பிற்கால நினைவுகள். ஒஹாயோவில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த வில்பர் சீபர்ட், உள்நாட்டுப் போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வயதானவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் கேட்டு 3,000-க்கும் மேற்பட்ட ‘நடத்துநர்’ பெயர்களைத் திரட்டி 1898-இல் வெளியிட்டார். அது பேருழைப்புதான். ஆனால் அதற்குள் உதவியவர் என்ற பெயர் பெருமையாக மாறியிருந்தது. பட்டியலிலும் பெரும்பாலோர் வெள்ளையர். ‘எங்கள் தாத்தா வீட்டிலும் ஒளித்து வைத்தார்கள்’ என்ற பேச்சு அமெரிக்காவின் வடமாநிலங்களில் ஊர்தோறும் பரவியது இந்தக் காலத்துக்குப் பின்புதான்.

முதல் மூன்று வகைகளில் ஒன்றாவது நான்காவதோடு சேர்ந்து வந்தால், அந்த இடத்தை நம்பிப் பார்க்கலாம். பாதாள ரயில்பாதை இடங்களைப் பட்டியலிட 1998-இல் சட்டத்தின் வழி உருவான தேசிய வலையமைப்பு, ஓர் இடத்தைச் சேர்ப்பதற்கு முன் சரிபார்க்கத்தக்க ஆவணத் தொடர்பைக் கேட்கிறது. இன்று அதில் 700-க்கும் மேற்பட்ட இடங்களும் நிகழ்ச்சிகளும் உள்ளன. கட்டடம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை அல்ல. இந்த ஒரு விதியே பார்வையை மாற்றிவிடுகிறது.

நிற்கும் வீடுகள் காட்டுவது

இண்டியானாவில் லீவை காஃபின், கேதரின் தம்பதியர் 1839-இல் கட்டிய செங்கல் வீடு இன்றும் நிற்கிறது. மாடிப் படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் ஒரு சிறு கதவு. அதற்குப் பின்னால் கூரைச் சரிவுக்கடியில் பலர் ஒடுங்கி உட்காரக்கூடிய நீண்ட இடுக்கு. பார்வையாளர் கூட்டம் அந்தக் கதவைத்தான் சூழ்ந்து நிற்கும். ஆனால் அந்த வீட்டின் உண்மையான நுட்பம் கீழே, நிலவறையில் இருக்கும் கிணறு. பத்துப் பேர் வந்து தங்கினால் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் எத்தனை வாளித் தண்ணீர் வேண்டும்! வாசல் கிணற்றில் அத்தனை முறை இறைத்தால் அக்கம்பக்கத்தார் கணக்குப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள்ளேயே கிணறு இருந்தால் அந்தக் கணக்குக்கு வழியில்லை. ரகசியம் காப்பது என்பது தினசரி வீட்டு வேலையின் தொல்லைதான் என்பதை அந்தக் கிணறு சொல்கிறது. அந்த வேலையைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ரிப்லியில் போதகர் ஜான் ராங்கினின் வீடு குன்றின் உச்சியில் இருக்கிறது. கென்டக்கிக் கரையிலிருந்தே அதன் விளக்கு தெரியும். படிக்கட்டில் ஏறி மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், ஆறு எவ்வளவு அருகில் இருக்கிறது, எதிர்க்கரை எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

இந்த வீடுகள் ஏன் எஞ்சின? சொந்த நிலம், செங்கல் சுவர், கடையோ தொழிலோ தந்த வருமானம், பின்னாளில் நினைவுகளை நூலாக எழுதும் வசதி ஆகியவை உதவியவர்களில் சிலரிடம் இருந்தன. ஓடியவரிடம் உடுத்திய துணி மட்டுமே இருந்தது. அவர் ஒளிந்த சோளக்காடும் சதுப்பும் கல்வெட்டு ஆவதில்லை. அவர்களுக்கு முதலில் கஞ்சி ஊற்றிய விடுதலைபெற்ற கறுப்பினக் குடும்பங்களின் மரக்குடில்களும் மக்கிப்போயின. எனவே நிற்கும் வீடுகளை மட்டும் பார்த்து வருகிறவர், அந்த வீட்டுக்காரர்களிடம் எந்தக் குறையும் இல்லாதபோதும், வரலாற்றைத் தலைகீழாகப் படித்துவிட்டு வர நேரிடும். 2025 சர்ச்சையின் ஆழம் இதுதான். ஒத்துழைப்பு நடந்தது உண்மை. ஆனால் அடிமையாக இருந்தவர் முதல் அடியை எடுத்துவைக்காமல் எந்தக் கதவும் திறந்திருக்க முடியாது.

நிற்காத இடங்கள்

மேரிலாந்தின் டார்செஸ்டர் மாவட்டம் இதைச் சரிசெய்கிறது. சர்ச் கிரீக் என்ற இடத்தில் 2017-இல் திறக்கப்பட்ட டப்மன் பார்வையாளர் மையத்தைத் தவிர, அங்கே பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் வயலும் சதுப்பும் கால்வாய்களுமே. டப்மனின் தந்தை பென் ராஸ் மரம்வெட்டும் பணியின் மேற்பார்வையாளர். 1840 வாக்கில் விடுதலை பெற்று 10 ஏக்கர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் பெற்றவர். அவருடைய குடில் எங்கே இருந்தது என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. தொல்லியலாளர்கள் பிளாக்வாட்டர் வனவிலங்குப் புகலிடத்தின் சேற்றில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தோண்டித் தேடினார்கள். 1808 என்று பொறித்த நாணயம் ஒன்றும், அதன் அருகே செங்கல், ஆணி, உடைந்த பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. 2021 ஏப்ரலில் இடம் உறுதி என்று அறிவித்தார்கள். கடல்மட்டம் உயர்ந்து உவர்நீர் அந்த நிலத்தை விழுங்கிக்கொண்டிருப்பதால் இந்தத் தேடல் அவசரமானதும்கூட.

அதே மாவட்டத்தில் விடுதலைபெற்ற கறுப்பின விவசாயி ஜேக்கப் ஜாக்சனின் நிலம், 480 ஏக்கர், தேசியப் பூங்காவின் பகுதியாக இருக்கிறது. அங்கே வீடு இல்லை. 1854 டிசம்பரில் வடக்கே இருக்கும் அவருடைய வளர்ப்பு மகன் எழுதியதுபோல் ஒரு கடிதம் வந்தது: என் சகோதரர்களை விழிப்பாக இருக்கச் சொல்லுங்கள், சீயோனின் கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கட்டும். கறுப்பினத்தாருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவந்த வெள்ளையர்களுக்கு, அந்த மகனுக்குச் சகோதரர்களே இல்லை என்பது தெரியும்; ஆகவே சந்தேகம். ஜாக்சனை அழைத்துக் கேட்டார்கள். அவர் படித்துப் பார்த்து, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, எனக்கு வந்ததாக இருக்காது என்று கடிதத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார். வெளியேறியதும் டப்மனின் சகோதரர்களிடம், சகோதரி வருகிறார் என்று செய்தி சொன்னார்.

தெற்கு நோக்கி ஓடியவர்களும் உண்டு. ஸ்பெயின் ஆட்சியிலிருந்த புளோரிடாவில் கத்தோலிக்கம் தழுவும் தப்பியோடியோருக்கு 1693-இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. 1738-இல் செயின்ட் அகஸ்டின் அருகே அவர்களுக்கான ஃபோர்ட் மோசே கோட்டைக் குடியிருப்பு உருவானது. அதன் மூல இடத்தையும் 1980களின் அகழாய்வுதான் மீட்டது.

டொரன்டோவில் வாழும் தமிழர்களுக்கு ஓர் இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கென்டக்கியின் லூயிவிலிலிருந்து 1831-இல் தப்பிய தார்ன்டன், லூசி பிளாக்பர்ன் தம்பதியரை 1833-இல் டெட்ராய்ட்டில் பிடித்தபோது கறுப்பின மக்கள் திரண்டு அவர்களை மீட்டுக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மேல் கனடா மறுத்தது. டொரன்டோவின் முதல் வாடகைக் குதிரைவண்டித் தொழிலைத் தொடங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய வீட்டின் அடித்தடம் 1985-இல் ஒரு பள்ளி வளாகத்து மண்ணுக்கடியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. உதவியவர் வீடாக அல்லாமல், தப்பியவர்களின் சொந்த வீடாகக் கிடைத்த அரிய தடம் அது.

போகும்போது கேட்க வேண்டியவை

1. இந்த இடத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று எந்த ஆண்டைச் சேர்ந்தது? நிகழ்ச்சிக்கு அருகிலா, அறுபது ஆண்டுகள் கழித்தா?

2. தப்பியவர் எவருடைய பெயராவது இங்கே சொல்லப்படுகிறதா? வீட்டுக்காரரின் பெயர் மட்டும் பலகையில் இருந்தால், மீதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

3. சுரங்கம் காட்டுகிறார்களா? பழைய வீடுகளின் ‘சுரங்கங்கள்’ பெரும்பாலும் வடிகாலாகவோ நீர்த்தொட்டியாகவோ இருந்தவை. ஒட்டுத்துணிப் போர்வைகளின் வடிவங்கள் வழிகாட்டும் சங்கேதங்கள் என்ற கதை 1999-இல் வெளியான ஒரு நூலால் பரவியது. தப்பியவர்களின் வாக்குமூலங்களில் அதற்குத் தடயம் இல்லை.

4. எண்ணிக்கைகள் எங்கிருந்து வந்தன? டப்மன் 19 முறை சென்று 300 பேரை மீட்டார் என்பது பழைய வாழ்க்கை வரலாறு பரப்பிய கணக்கு. ஆவணங்களை ஒப்பிட்டவர்கள் ஏறக்குறைய 13 பயணங்கள், 70 பேர் என்கிறார்கள். பிடிபட்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லாத நிலையில் 13 முறை திரும்பிப் போனவரின் துணிவுக்கு இந்தத் திருத்தத்தால் எந்தக் குறைவும் இல்லை.

இந்தக் கேள்விகளை மேரிலாந்தின் பாப்லர் நெக் என்ற இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜாக்சனுக்கு வந்த கடிதத்தின் விளைவு அங்கேதான் நடந்தது. டிசம்பர் 26 அன்று விற்கப்படவிருந்த சகோதரர்கள் கிறிஸ்துமஸ் நாளில் பெற்றோரின் குடிலுக்கு அருகே தீவனக் கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். அழுது ஊரைக் கூட்டிவிடுவார் என்று தாயிடம் சொல்லவில்லை. அவர் விருந்து சமைத்து வைத்துவிட்டு மகன்களை எதிர்பார்த்து வழியையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பலகை இடுக்கு வழியாக அவர்கள் பார்த்தார்கள். தந்தைக்கு மட்டும் தெரியும். அவர் உணவு கொண்டுவந்தார். கிளம்பும்போது கண்களைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் உடன் நடந்தார். தேடி வந்தவர்களிடம், இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் பிள்ளைகளில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை என்று சொன்னார்.

இது டப்மன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதை. நான்காம் வகைச் சான்று. ஆனால் 1854 டிசம்பர் 29 தேதியிட்டு, நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய அதே தாமஸ் கேரட் பிலடெல்பியாவுக்கு எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. ஹாரியட்டையும் ஆறு ஆண்களையும் ஒரு பெண்ணையும் முந்தைய இரவு அனுப்பிவைத்தோம் என்கிறது அது. ஹாரியட்டுக்கும் உடன் வந்த ஒருவருக்கும் காலணிகள் நடந்து நடந்து தேய்ந்து கழன்றுபோயிருந்ததால், புதியவை வாங்கிக்கொள்ள இரண்டு டாலர் கொடுத்ததாகவும் அவர் அதில் எழுதியிருக்கிறார்.